பத்தொன்பதாம் எண் வெள்ளை வேன்

"ஐயோ, இன்ஜின் போச்சே!"

பறிமுதல் வண்டிக் கிடங்கின் மூன்றாம் வரிசையிலிருந்து அந்தக் குரல் எழுந்தபோது, ஏல மேடையில் முதல் வண்டிக்கு 'ரெண்டு தரம்' வரை வந்திருந்தது. மூன்றாம் தரம் சொல்ல வாயைத் திறந்த ஏலக்காரர் அப்படியே நின்றார். நாற்காலிகளில் இருந்த வியாபாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி எல்லோரும் எழுந்து ஓடினார்கள். யாருக்காவது நஷ்டம் என்றால் போய் நின்று பார்க்காவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது.

கத்தியவள் வேன் அக்கா. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவள். பிள்ளைகள் கூப்பிட்ட பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. அவள் எதிரே வெள்ளை வேனின் முன் சீட் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அந்த ரக வேனுக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். அவள் கையில் ஆயில் அளக்கும் குச்சி. அதன் நுனியில் கறுப்பு ஆயிலுக்குப் பதிலாக, பாலாடை மாதிரி வெள்ளையாக ஒன்று வழிந்துகொண்டிருந்தது.

வண்டிகளுக்கு விலை மதிப்புப் போடும் மெக்கானிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"உள்ள தண்ணி இறங்கிடுச்சு. ஆயிலும் தண்ணியும் கலந்தா இப்படித்தான் பாலா வரும். இன்ஜினையே பிரிச்சுப் போடணும். வேன் வாங்குற காசுல பாதி அதுக்கே போயிடும்" என்றார்.

வேன் அக்கா குச்சியை அதன் துளையில் திரும்பச் செருகிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். வியாபாரிகள் ஓரடி பின்வாங்கினார்கள்.

கிடங்கு அதிகாரி கூட்டத்துக்குள் நுழைந்தார். வண்டி கெட்டுப்போனால் மேலிடம் முதலில் கேட்பது அவரைத்தான். அதனால் அவர் முந்திக்கொண்டார்.

"பிடிச்ச அன்னிக்கு இந்த வேன் ஓடித்தான் உள்ள வந்துச்சு. நானே கையெழுத்துப் போட்டு வாங்கி நிறுத்தினேன். ரெண்டு வருஷமா நின்ன வண்டி தானா எப்படிக் கெடும்? எவனோ எடுத்து ஓட்டியிருக்கான். சாவி எங்கே?"

சாவிப் பலகையில் அந்தக் கொக்கி காலியாக இருந்தது. சாவி காவலாளியின் சட்டைப் பையிலிருந்து வந்தது.

காவலாளியை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். பார்க்க வருகிறவன் ஒரு கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினாலும் பாய்ந்து வந்து ஊதுவார். பல வருஷம் தினக்கூலியாகவே காலம் தள்ளியவர். அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு இந்த வாரம்தான் வந்திருந்தது. ஏலம் முடிந்ததும் கொடுக்கலாம் என்று அதிகாரி அதை மேஜை டிராயரில் வைத்திருந்தார். கிடங்கில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். விசிலே காலையிலிருந்து நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருந்தார்.

"ராத்திரியில வாடகைக்கு விட்டியாய்யா?" அதிகாரி கத்தினார். "உனக்கு வேலை நிரந்தரம் ஒரு கேடா? அந்த உத்தரவை நானே கிழிச்சுப் போடுறேன். பெல்ட்டைக் கழட்டு!"

"சார், நான் சத்தியமா..."

"கழட்டுய்யா!"

விசில் பெல்ட்டைக் கழற்றினார். கொக்கி உடனே விடவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பம்பரம் வந்து சேர்ந்தாள். ஏலத்தில் அடிதடி வராமல் பார்த்துக்கொள்ளப் போட்டிருந்த பெண் சப்-இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனில் அவளை அப்படித்தான் அழைத்தார்கள், அவள் காதுபடவே. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும், காலை அடக்கினால் பேனா ஆடும். 'சும்மா உட்கார்ந்தால் போதும்' என்று சொல்லி அனுப்பப்பட்ட இந்த வேலை அவளுக்குத் தண்டனையாகவே இருந்தது. காலையிலிருந்து கிடங்கை எத்தனை சுற்று சுற்றினாள் என்று அவளுக்கே தெரியாது.

"இவனைக் கூட்டிட்டுப் போங்க மேடம். புகார் எழுதித் தர்றேன்" என்றார் அதிகாரி.

"கொஞ்சம் பொறுங்க சார். ஏலத்தை நிறுத்துங்க, விசாரிக்கணும்."

"நிறுத்த முடியாது. மேலிடத்துக்குத் தேதி சொல்லியாச்சு. உள்ளது உள்ளபடி வித்துடுவோம். எடுத்தவங்க சாயங்காலத்துக்குள்ள இழுத்துட்டுப் போயிடணும்."

வேன் வெளியே போய்விட்டால் தடயமும் அதோடு போய்விடும். பம்பரம் பட்டியலைப் பார்த்தாள். வெள்ளை வேன் பத்தொன்பதாம் எண்.

"சரி. பத்தொன்பது வர்றதுக்குள்ள நான் சொல்றேன், இவரைக் கூட்டிட்டுப் போறதா வேண்டாமான்னு."

மேடையில் மணி அடித்தது. விட்ட இடத்திலிருந்து ஏலக்காரர் தொடர்ந்தார். "முதல் எண்ணு... மூணு தரம்!"

முதலில் அவள் வேனைச் சுற்றி வந்தாள். நாலு டயரிலும் காற்றில்லை. ரப்பர் தரையோடு சப்பென்று படிந்திருந்தது. சக்கரங்களைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல். ஒரு புல்கூட மடங்கவில்லை.

"சார், இந்த வண்டி ரெண்டு வருஷமா ஓரடி நகரலை. வாடகைக்கு எப்படி விட்டிருப்பார்?"

அதிகாரி அசரவில்லை. "ஓட்டலேன்னா என்ன? நின்ன இடத்துலயே ஸ்டார்ட் பண்ணி, ஏசி போட்டுத் தூங்கியிருப்பான்! தண்ணி வத்தி, சூடேறி, இன்ஜின் போயிருக்கும். சாவி இவன் பையில எதுக்குங்க இருக்கு?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். விசில் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல கேள்விதான், பதில் வேண்டும் என்று பம்பரத்துக்கும் பட்டது.

ஐந்தாம் எண் போய்க்கொண்டிருந்தது. அலுவலகச் சுவரோரம் பெஞ்சில் விசிலை உட்காரவைத்து, அவள் எதிரே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"சாவி ஏன் உங்ககிட்ட?"

"பலகையில மாட்டினா ஆளாளுக்கு எடுத்து நோண்டுவாங்கம்மா. நல்ல கண்டிஷன்ல இருக்கிற வண்டிச் சாவியை நான் பையிலயே வச்சுக்குவேன். ஆபீசருக்கும் தெரியும். இப்ப தெரியாத மாதிரி பேசுறார்."

"ஸ்டார்ட் பண்ணினீங்களா?"

"இல்லம்மா."

"ஒரு தடவைகூட?"

"பண்ணியிருந்தா பண்ணினேன்னு சொல்லிட்டுப் போறேன். பண்ணலையே."

"இன்னிக்கு வேன்கிட்ட யார் யார் வந்தாங்க?"

"வியாபாரி தொப்பி வந்தான். ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுப் போயிட்டான். உள்ள ஏறலை. அப்புறம் அந்த வேன் அக்கா. தோள்பட்டை வலிக்குது, சீட்டைத் தூக்க முடியலைன்னாங்க. நான்தான் தூக்கி நிறுத்திக் கொடுத்தேன். அதுக்குள்ள அந்தக் கோடியில எவனோ ஒரு காரோட கதவை இழுத்தான். ஊதிக்கிட்டே அங்க ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள கத்திட்டாங்க."

"மெக்கானிக் இதுக்கு முன்னாடி வேனைப் பார்த்தாரா?"

"போன வாரம் பார்த்தார். நல்லா இருக்குன்னுதான் போட்டார்."

பம்பரம் நடையை நிறுத்தாமலே திரும்பிப் போனாள்.

வியாபாரி தொப்பி நிழலில் நின்று தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தான். ஏலத்தில் நூறு தலைக்கு நடுவே ஏலக்காரருக்குத் தன் தலை தெரிய வேண்டும் என்பதற்காகவே சிவப்புத் தொப்பி போடுகிறவன். போலீஸ் கிட்டே வந்ததும் திருதிருவென்று விழித்தான்.

"வெள்ளை வேன் மேல உனக்கும் கண்ணு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு மேடம். இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"உள்ள ஏறிப் பார்க்கலையே?"

"நாங்க யாரும் ஏற மாட்டோம். சீட்ல உக்காந்து பார்த்தா ஆசை வெளிய தெரிஞ்சிடும். பக்கத்துல இருக்கிறவன் வேணும்னே விலையை ஏத்தி விட்டுடுவான். பிடிக்காத மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான் சுத்துவோம்."

"ஒரு வண்டியில குறை இருக்கு, அது உன் கண்ணுக்கு மட்டும் தெரியுது. என்ன பண்ணுவே?"

தொப்பிக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "வாயைத் திறப்பேனா மேடம்? வேண்டாத வண்டின்னா பேசாம நகர்ந்துடுவேன். வேணும்னா, எவ்வளவு கம்மியா கேக்கலாம்னு மனசுக்குள்ள கணக்குப் போடுவேன். ஊரைக் கூட்டிச் சொல்றதுல எனக்கென்ன லாபம்?"

"இப்ப வேனை என்ன செய்யப் போறே?"

"கும்பிடு போட்டாச்சு. டோக்கனைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிட்டேன். போன இன்ஜினை வாங்கி நான் பூஜையா பண்ணப் போறேன்?"

அந்தக் கிடங்கில் முறை அப்படி. எந்த வண்டியைக் கேட்கப் போகிறோமோ அதற்கு முன்பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். வண்டியின் எண் மேடையில் வரும்வரை டோக்கனைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். எண் வந்துவிட்டால் முடியாது.

பத்தாம் எண். ஒரு பழைய ஜீப்புக்கு இருவர் முறைத்துக்கொண்டு விலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பம்பரம் மெக்கானிக்கை ஓரமாக அழைத்தாள்.

"குச்சியை நீங்க உருவிப் பார்த்தீங்களா?"

"அந்தம்மா கையிலதான் இருந்துச்சே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? பால் வழியுது. கண்ணு தெரியாதவனா நான்?"

"போன வாரம் நல்லா இருந்துச்சே?"

மெக்கானிக்கின் குரல் இறங்கியது. "நல்லாத்தான் இருந்துச்சு. அதனாலதான் எனக்கும் ஒண்ணும் புரியலை. நான் ஏதோ காசு வாங்கிட்டு எழுதினேன்னு யாரும் கிளப்பாம இருந்தா சரி."

வேன் அக்கா கடைசி வரிசை நாற்காலியில் தனியாக இருந்தாள். மடியில் துணிப்பை. பம்பரம் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் ஆட ஆரம்பித்தது.

"ரொம்ப எதிர்பார்த்து வந்தீங்களோ?"

"ஆமாங்க. என் பழைய வேன் இனி ஓடாதுன்னு சொல்லிட்டாங்க. வாடகை வண்டியில ஓட்டிக்கிட்டிருக்கேன், அதுவும் தினம் ஒரு மக்கர். பெத்தவங்க எல்லாம் வேற வேனுக்கு மாத்திடுவோம்னு சொல்றாங்க. நான் தனி ஆளு. இந்த வேன் இல்லேன்னா எனக்கு அடுத்த மாசம் பிழைப்பே இல்லை." அவள் குரல் உடைந்தது. அந்த அழுகையில் பொய் இல்லை என்று பம்பரத்துக்குத் தோன்றியது.

"இன்ஜின் எல்லாம் நீங்களே பார்ப்பீங்களா?"

"பிள்ளைங்களை ஏத்துற வண்டிங்க. தினம் காலையில ஆயில், தண்ணி பார்க்காம சாவியே போட மாட்டேன். ஆயில் பார்க்கிறதுக்குன்னே பையில துணி வச்சிருப்பேன். இத்தனை வருஷத்துல கை தானா செய்யும்."

"அந்தக் காவலாளி ஏசி போட்டுத் தூங்கியிருப்பார்னு நினைக்கிறீங்களா?"

"எனக்கென்னங்க தெரியும்? நல்ல மனுஷர்தான். ஆனா யார் மனசுல என்ன இருக்குன்னு..." அவள் முடிக்கவில்லை. பத்தடி தூரத்தில் பெல்ட் இல்லாமல் பேன்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டு விசில் உட்கார்ந்திருந்த பக்கம் அவள் பார்வை போகவே இல்லை.

பதினான்கு. பதினைந்து. இன்றைக்கென்று ஏலக்காரருக்கு எங்கிருந்து இத்தனை வேகம் வந்ததோ. பம்பரம் வாசலுக்கும் மேடைக்கும் நடுவே நடந்தாள், நகத்தைக் கடித்தாள், தன்மேலேயே எரிந்து விழுந்தாள். நகராத வண்டி. ஓடாத இன்ஜின். போன வாரம் நன்றாக இருந்த ஆயில். இன்று பால். விசில் பொய் சொல்லவில்லை என்று மனசு சொல்கிறது. மனசு சொன்னதை எந்த அதிகாரியிடம் போய்க் கொடுப்பது?

வாசலில் நின்ற போலீஸ் ஜீப்பின் பானட் திறந்திருந்தது. விசிலை ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று டிரைவர் வண்டியைத் தயார் செய்துகொண்டிருந்தார். ஆயில் குச்சியை உருவினார். பழைய பனியன் துணியால் துடைத்தார். திரும்ப உள்ளே விட்டார். மறுபடி உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பம்பரம் நின்றுவிட்டாள். காலையிலிருந்து அவள் முழுசாக நின்றது அப்போதுதான்.

"எதுக்கு ரெண்டு தடவை உருவுறீங்க?"

டிரைவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "இது என்ன கேள்வி மேடம்? முதல்ல வர்றதுல பழசும் புதுசும் அப்பியிருக்கும். துடைச்சுட்டு விட்டாத்தானே உள்ள என்ன இருக்குன்னு தெரியும்? வண்டி ஓட்டுற எல்லாரும் அப்படித்தான் பார்ப்பாங்க."

பம்பரம் ஓடினாள். முதலில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்கு. அங்கே ஒரே ஒரு கேள்வி கேட்டாள், பதிலைக் கேட்டுத் தலையாட்டினாள். அங்கிருந்து மேடைக்கு.

"பத்தொன்பதாம் எண்ணு, வெள்ளை வேன்..." என்று ஏலக்காரர் ஆரம்பித்திருந்தார்.

"நிறுத்துங்க! கேக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவை வண்டிகிட்ட வாங்க."

இதற்கு யாரையும் இரண்டாம் முறை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கூட்டம் வேனைச் சுற்றி நெருக்கியடித்தது. அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சீட் இன்னும் தூக்கியபடியே இருந்தது.

"மெக்கானிக் சார், குச்சியை உருவுங்க."

உருவினார். வெள்ளைப் பாலாடை.

"துடைங்க. திரும்ப உள்ள விட்டு எடுங்க."

மெக்கானிக் துடைத்தார், விட்டார், உருவினார். அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. குச்சியில் கறுப்பு ஆயில். ஒன்றிரண்டு வெள்ளைப் பொட்டைத் தவிர சுத்தமான, நின்ற வண்டியின் பழைய கறுப்பு ஆயில். நம்பாமல் மறுபடியும் துடைத்து விட்டார். அதே கறுப்பு.

"இன்ஜினுக்கு ஒண்ணுமில்லை!" என்றார் அவர், அழுதுவிடுவார் போல.

தொப்பி டோக்கன் ஜன்னலை நோக்கி எடுத்தான் ஓட்டம்.

"பால் இன்ஜினுக்குள்ள இல்லை. குச்சியில மட்டும்தான் இருந்துச்சு, யாரோ தடவினது" என்றாள் பம்பரம். "தடவினவங்க ஒண்ணை மட்டும் நம்பியிருக்காங்க. பாலைப் பார்த்ததும் எல்லாரும் பின்வாங்கிடுவாங்க, ரெண்டாவது தடவை யாரும் உருவ மாட்டாங்கன்னு. அப்படியேதான் ஆச்சு. மெக்கானிக் சாருக்கே தோணலை."

"யார் தடவினது?" அதிகாரியின் கை விசிலைக் காட்டப் பாதி எழுந்து, பாதியில் நின்றது.

"வியாபாரிங்க இல்லை. குறை தெரிஞ்சா அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. இந்தக் குறையை ஊரைக் கூட்டிச் சொன்னவங்க ஒருத்தர்தான். வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தா அவங்க டோக்கனைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிருக்கணும். ஜன்னல்ல கேட்டேன். பத்தொன்பதுக்கு டோக்கன் வாங்கின எல்லாரும் திருப்பிக் கொடுத்துட்டாங்க, ஒருத்தரைத் தவிர." பம்பரம் திரும்பினாள். "அக்கா, போன இன்ஜினுக்கு எதுக்கு டோக்கனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

வேன் அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அடிமாட்டு விலைக்குக் கிடைச்சா சரி பண்ணி ஓட்டலாம்னு..."

"இருக்கலாம். அதனால டோக்கனை மட்டும் வச்சு நான் சொல்லலை. தினம் காலையில ஆயில் பார்க்கிற ஆளு நீங்க. பையில துணி இருக்கு. கை தானா செய்யும்னு நீங்களே சொன்னீங்க. அந்தக் கை இன்னிக்கு மட்டும் ஏன் துடைச்சு மறுபடி உருவலை? ஒரே தடவை உருவினீங்க, கத்தினீங்க, மெக்கானிக் பார்த்ததும் செருகிட்டீங்க. ரெண்டாவது தடவை உருவினா கறுப்பு வரும்னு இங்க தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான்."

பம்பரம் கையை நீட்டினாள்.

"அந்தத் துணியைக் காட்டுங்க."

அவள் காட்டவில்லை. பம்பரம் பையை வாங்கித் திறந்தாள். மடித்த துணியின் நடுவே அதே வெள்ளை, இன்னும் ஈரமாக இருந்தது. ஆயிலையும் தண்ணீரையும் கொஞ்சம் சோப்பையும் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, வீட்டிலேயே செய்து துணியில் தோய்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"விலை எனக்கு எட்டாதுன்னு தெரியும்" என்றாள் வேன் அக்கா. சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. "இவங்க எல்லாம் ஒதுங்கினா எனக்குக் கிடைக்கும்னு... யாருக்கும் நஷ்டமில்லைன்னு நினைச்சேன். அண்ணன் மாட்டுவார்னு சத்தியமா நினைக்கலைங்க."

"மாட்டினதுக்கு அப்புறம்?"

வேன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேன் அடுத்த ஏலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஜன்னலில் தொப்பி டோக்கனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது வீண். அதிகாரி அலுவலகத்துக்குப் போய் டிராயரைத் திறந்து, அந்த உத்தரவைக் கொண்டுவந்தார். அதோடு பெல்ட்டையும். "தப்பா நினைச்சுக்காதய்யா, டென்ஷன்ல..." என்று இழுத்தார். விசில் இரண்டையும் வாங்கிக்கொண்டார். உத்தரவைப் பிரித்துப் பார்க்கவில்லை.

பம்பரம் அவரை அழைத்தாள். "உங்க மேல வீண் பழி விழுந்திருக்கு. நீங்களும் ஒரு புகார் கொடுக்கலாம். கொடுக்கிறீங்களா?"

"அண்ணே," வேன் அக்கா கையைக் கூப்பினாள். "மூணு மணிக்குப் பிள்ளைங்களை எடுக்கணும்ணே. மன்னிச்சிடுங்கண்ணே."

விசில் அவளை நேராகப் பார்த்தார்.

"சீட்டைத் தூக்கிக் கொடுத்தது நான்தானேம்மா? விலை எட்டலைன்னு ஏமாத்தினது கூட எனக்குப் புரியுது. நானும் இல்லாதப்பட்டவன்தான்." பம்பரத்தின் பக்கம் திரும்பினார். "வண்டியில தடவினதை எல்லாம் நான் புகாராச் சொல்லலைங்க மேடம். என்னை இத்தனை பேர் முன்னாடி பெல்ட்டைக் கழட்டச் சொன்னாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். இந்தம்மா என்னைப் பார்த்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. பத்தொன்பதாம் எண் வர்ற வரைக்கும் திரும்பியேதான் உக்காந்திருந்தாங்க. அதை எழுதிக்குங்க."

பம்பரம் எடுத்த பேனாவை இறக்கினாள். "அதுக்குச் சட்டத்துல பிரிவு எதுவும் இல்லைங்க. வண்டியில தடவி ஏமாத்தினதுக்குத்தான் இருக்கு."

விசில் பெல்ட்டை இடுப்பில் சுற்றிக் கொக்கியை மாட்டினார். வேன் அக்கா கூப்பிய கையை இறக்கவில்லை. அவர் முகம் இளகுமா என்று பம்பரம் பார்த்தாள். அப்படி இளகினால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

"அப்ப, பிரிவு இருக்கிறதை எழுதுங்க" என்றார் அவர். "கையெழுத்துப் போடுறேன்."